இடைவெளியில் விழுந்த அடி

ஊரில் கால்பந்து ஆட்டம் இருக்கிற சனிக்கிழமைகளில் காலை சரியாகப் பத்து மணிக்கு, கெஸ்லர் கல்லூரியின் இசைக்கட்டடக் கோபுரத்திலிருந்து ஒலிபெருக்கியில் அந்தப் பழைய இசைத்தட்டைப் போடுவார்கள். கல்லூரியின் அணிவகுப்பு பேண்டு வாசித்த வெற்றிப்பாட்டு அது. ஊர்க்கோடியில் இருக்கிற தானியக் கிடங்கு வரைக்கும் கேட்கும். பாட்டின் நடுவில் ஓரிடத்தில் எல்லா வாத்தியமும் சட்டென்று நின்றுவிடும். ஒரு மூச்சு நேரம் ஒன்றுமே இருக்காது. அந்த இடைவெளியில் வெண்கலத் தாளம் தன்னந்தனியாக ஒரே ஒரு அடி அடிக்கும். அந்த நேரத்தில் ஊரில் யார் எங்கே இருந்தாலும் கையில் அகப்பட்டதை ஒரு தட்டுத் தட்டுவார்கள். காரில் போகிறவர்கள் ஹாரனை, பேக்கரியில் உட்கார்ந்திருப்பவர்கள் கரண்டியால் கோப்பையை, பாத்திரம் கழுவுகிறவர்கள் வாணலியை. பல் டாக்டர் மட்டும் தட்டமாட்டார் என்பது ஊரில் பழைய வேடிக்கை.

அந்த அடி ஆர்டிஸ் நூட்சன் அடித்தது. ஐம்பத்திரண்டு வருடமாக அது ஊரில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்த ஒரே ஆள் அவள் புருஷன் வெர்லின். அவனும் போய் இரண்டு வருடமாகிவிட்டது.

ஆர்டிஸுக்கு வயது எழுபத்தொன்று. இருபத்தேழு வருடம் மாவட்ட நீதிமன்றக் கட்டடத்தில் நிலப்பத்திரம் பதிகிற வேலை பார்த்தாள். ஊரில் யாருடைய வேலி யாருடைய நிலத்தில் எத்தனை அடி உள்ளே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், சொல்லமாட்டாள். ஒரே மகள் தூரத்தில் டூசான் நகரத்தில் இருக்கிறாள். ஞாயிறு மாலை போன் செய்வாள், பாதியில் அவள் வீட்டு நாய் குரைக்கும், அத்தோடு பேச்சு முடியும். மற்ற நாட்களில் ஆர்டிஸ் ஒரு முட்டையை வேகவைத்து, ஒரு தட்டில் வைத்து, ஜன்னலோரம் நின்றுகொண்டே சாப்பிடுவாள். வெர்லின் போனபின் மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுகிற பழக்கம் எப்போது விட்டது என்று அவளுக்கே ஞாபகம் இல்லை.

வாரத்தில் அவள் காத்திருப்பது சனிக்கிழமைக்குத்தான். பேக்கரியில் ஜன்னல் பக்கத்து வட்டமேஜை பழைய பேண்டு ஆட்களுடையது. முன்பு ஏழு பேர், இப்போது வெர்லினுக்குச் சில வருடம் பின்னால் பேண்டில் சேர்ந்த மூன்று பேர்: தபால் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஓரின், டிராக்டர் விற்ற டெல்பர்ட், இரண்டு காதும் கேட்காத லாயல். வெர்லினின் நாற்காலியை அவர்கள் ஆர்டிஸுக்கு விட்டுவைத்திருந்தார்கள். சவ அடக்கம் முடிந்த அடுத்த சனிக்கிழமையே ஓரின் வீட்டு வாசலில் காரை நிறுத்தி ஹாரன் அடித்தான். அன்றிலிருந்து ஒரு வாரம் தவறியதில்லை.

*

1944 நவம்பரில் பேண்டில் ஆண்கள் ஒன்பது பேர்தான் மிச்சம். கண் சரியில்லாதவர்கள், தட்டைப்பாதம் உள்ளவர்கள், இதயத்தில் ஏதோ ஓசை என்று ராணுவம் திருப்பி அனுப்பியவர்கள். மற்றவர்கள் எல்லாம் போரில், கடலுக்கு அப்பால். பேண்டு மாஸ்டர் லிண்ட்வால் வேறு வழியில்லாமல் பதினொரு பெண்களைச் சேர்த்துக்கொண்டார். போனவர்களின் மேல்கோட்டுகளையே அவர்களுக்கும் கொடுத்தார்கள். ஆர்டிஸுக்குக் கிடைத்தது ஆறடி உயரத்து ஆள் ஒருவனுடையது. கோட்டின் கைகளை மடித்துக் குண்டூசி குத்திக்கொண்டாள்.

நகரத்து வானொலி நிலையத்தார் ஒரு லாரியில் இசைத்தட்டு வெட்டுகிற இயந்திரத்தைக் கொண்டுவந்து உடற்பயிற்சிக்கூடத்தில் இறக்கினார்கள். அலுமினியம் எல்லாம் விமானத்துக்குப் போன காலம். வெட்டுவதற்கான வெற்றுத்தட்டைக் கண்ணாடியில் செய்திருந்தார்கள். மூன்று கொண்டுவந்ததில் ஒன்று வழியில் உடைந்துபோனது. இன்னொன்றைச் சோதனைக்குப் பயன்படுத்திவிட்டார்கள். மிஞ்சியது ஒன்று.

பாட்டை முழுக்க வாசித்தால் நாலரை நிமிடம். தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்றேகால் நிமிடம்தான் இடம். லிண்ட்வால் கடைசி நேரத்தில் சிவப்புப் பென்சிலை எடுத்து, பாட்டு இரண்டாம் தடவை திரும்புகிற பகுதியை எல்லோருடைய காகிதத்திலும் அடித்துவிட்டுப் போனார். தாளம் அடிக்கிறவளுக்கு மட்டும் காகிதம் கிடையாது. இரண்டு கையிலும் வெண்கலம் இருக்கும்போது காகிதத்தை எதில் பிடிப்பது? மனதுக்குள் எண்ணிக்கொள்ள வேண்டியதுதான். முழுப்பாட்டில் அந்த இடைவெளியில் ஒரு அடி உண்டு, திரும்புவதற்கான அடையாளமாக. வெட்டிய பாட்டில் கிடையாது. ஆர்டிஸ் முழுப்பாட்டை எண்ணிக்கொண்டிருந்தாள்.

கைகள் பாதி வழி போனபோதே தப்பு என்று தெரிந்துவிட்டது. நிறுத்தப் பார்த்தாள், வெண்கலம் நிற்கவில்லை. ஒரு கணம் பிந்தி மோதியது. மோதிய வேகத்திலேயே இரண்டையும் நெஞ்சோடு அணைத்து ஓசையைக் கொன்றாள். மேல்கோட்டின் பித்தளைப் பொத்தான் ஒன்று உரசி 'டிக்' என்றது. லிண்ட்வால் அவளைப் பார்க்கவில்லை. பாட்டு முடிந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

சண்டை முடிந்து ஆண்கள் திரும்பினார்கள். லிண்ட்வால் பதினொரு பெண்களுக்கும் கைகுலுக்கி நன்றி சொல்லி, மேல்கோட்டுகளை வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்கச் சொன்னார். புதிதாக வந்தவர்கள் பாட்டை அந்த இசைத்தட்டைக் கேட்டுத்தான் படித்தார்கள். தட்டில் அடி இருந்தது, அவர்களும் அடித்தார்கள். இரண்டு ஆட்டத்துக்குள் பார்வையாளர் படிகளில் உட்கார்ந்திருந்த கூட்டமும் பெஞ்சைத் தட்ட ஆரம்பித்தது. அது கெஸ்லர் அடி ஆகிவிட்டது.

*

வெர்லின் கடற்படையிலிருந்து வந்து பேண்டில் டிராம்போன் வாசித்தவன். 1948இல் கல்லூரி அந்தப் பதிவை மறுபடி தட்டுகளாக அச்சடித்து விற்றபோது, உறையில் அந்த வருடத்துப் பேண்டின் புகைப்படத்தைப் போட்டார்கள். மூன்றாவது வரிசையில் வெர்லின், காது சிவக்கக் குளிரில் நிற்கிறான். பெண்கள் ஒருவரும் இல்லை.

அவன் முதலில் பொய் சொல்லவில்லை. முடிவெட்டும் கடையில் யாரோ, "அந்த ரெக்கார்டுல நீயும் இருக்கியாமே" என்று கேட்டிருக்கிறார்கள். இவன் சிரித்திருக்கிறான். வீட்டுக்கு வந்து அதை ஆர்டிஸிடம் சொல்லியும் சிரித்தான், அவளும் சிரித்தாள். அடுத்த முறை யாரோ கேட்டபோது வீட்டில் வந்து சொல்லவில்லை. விதைச்சோளம் விற்கிறவனுக்கு ஊரில் நாலு பேர் தெரிந்திருக்க வேண்டும். நாலு பேருக்கும் இது ஒரு பேச்சு. பத்து வருடத்தில், பதிவு அன்றைக்கு உடற்பயிற்சிக்கூடத்தில் எப்படிக் குளிரடித்தது என்று அவன் விருந்துகளில் சொல்ல ஆரம்பித்தான். அது ஆர்டிஸ் அவனுக்குச் சொன்ன குளிர்.

மோசமான ஆள் இல்லை வெர்லின். பக்கத்து வீட்டுக் கிழவருக்குப் பதினான்கு குளிர்காலம் வாசல் பனியை வாரி ஒதுக்கிக் கொடுத்தவன். மகளுக்கு அம்மை போட்டபோது மூன்று நாள் தரையில் படுத்தவன். ஒரே ஒரு தடவை, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, ஆர்டிஸ் அவனிடம் கேட்டாள்.

"ஒரு நாள் அவங்ககிட்ட சொல்லிடேன், வெர்லின்."

"எதை?"

"அதுல வாசிச்சது நீ இல்லன்னு."

அவன் கையிலிருந்த தட்டை இருபுறமும் துடைத்து அலமாரியில் வைத்தான். "இத்தன வருஷம் கழிச்சா? என்ன ஆர்டி, ஒரு வீட்டுல ஒருத்தர் வாசிச்சா போதாதா" என்றான். அப்புறம் அவள் கேட்கவில்லை.

அவன் சவ அடக்கத்தில் தேவாலயத்தில் அந்தப் பாட்டைப் போட்டார்கள். இடைவெளி வந்ததும் இருநூறு பேர் முன்னால் இருந்த பெஞ்சின் முதுகை ஒரே நேரத்தில் தட்டினார்கள். முதல் வரிசையில் முன்னால் பெஞ்சு இல்லை. ஆர்டிஸ் தன் கைப்பையைத் தட்டினாள்.

*

1996 செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, கல்லூரி இசை நூலகத்திலிருந்து பிரெண்ட் என்பவன் வந்தான். முப்பது வயது இருக்கும். ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தான். பழைய பதிவுகளைச் சுத்தம் செய்து, பழைய மாணவர்கள் ஊர் திரும்பும் அக்டோபர் விழாவுக்கு ஒரு சிடி போடுகிறார்களாம். கல்லூரியில் இருந்த பிரதி விரிசல் விட்டது, மிஸ்டர் நூட்சனிடம் நல்ல பிரதி ஒன்று உண்டு என்று ஓரின் சொன்னாராம். ஆர்டிஸ் துணி அலமாரியிலிருந்து அதை எடுத்துவந்தாள். தலையணை உறைக்குள் போட்டுவைத்திருந்தாள்.

காபியும் ருபார்ப் கேக்கும் வைத்தாள். சிடியோடு வரும் சிறு புத்தகத்தில் உறைப்படத்தில் இருக்கிற எல்லோருடைய பெயரும் வரும், மிஸ்டர் நூட்சன் பெயரும் வரும் என்று அவன் சந்தோஷமாகச் சொன்னான். பிறகு, எதிரே இருப்பவளுக்கு இதெல்லாம் புரியாது என்ற தயவோடு, ஒரு சின்னப் பிரச்சினையையும் சொன்னான். அந்தப் புகழ்பெற்ற அடி சரியான இடத்தில் விழவில்லை. கொஞ்சம் பிந்தி விழுகிறது. இப்போது பேண்டு வாசிப்பதுபோல் கம்ப்யூட்டரில் அதை நகர்த்திவிடலாம். அடிக்குப் பின்னால் ஒரு கீறல் சத்தமும் இருக்கிறது, அதையும் எடுத்துவிடலாம்.

ஆர்டிஸ் காபிக் குவளையைக் கீழே வைத்தாள்.

"அது கீறல் இல்ல" என்றாள். "பொத்தான்."

"எந்தப் பொத்தான், மிஸஸ் நூட்சன்?"

"என் மேல்கோட்டுப் பொத்தான். மேலேர்ந்து மூணாவது."

அவன் கையில் எடுத்த கேக்கை அப்படியே வைத்திருந்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள், நிலப்பத்திரம் படித்துக்காட்டுவது போல, வருடம், இடம், ஆட்கள் என்று வரிசையாக. சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதுதான் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. பிரெண்ட், கல்லூரிப் பிரதியைப் பதிவுசெய்து வைத்திருந்த சின்ன டேப் இயந்திரத்தைப் பையிலிருந்து எடுத்து, அந்த இடத்தை மட்டும் நாலைந்து முறை போட்டுப் போட்டுக் கேட்டான். டிக். டிக். அவன் முகம் மாறியது. எதையும் நகர்த்தமாட்டேன் என்றான். ஆனால் பெயர்கள்? இருபது பேர் பெயரையும் போட்டால் மிஸ்டர் நூட்சன் பெயர் வராது. பெயரே இல்லாமலும் அச்சடிக்கலாம், யாருக்கும் சங்கடம் இல்லை. அச்சுக்குப் போக மூன்று வாரம் இருக்கிறது, அதற்குள் சொல்லுங்கள் என்றான்.

அந்த மூன்று வாரமும் அவள் எடைபோட்டுப் பார்த்தது ஒன்றைத்தான். தன் பெயர் புத்தகத்தில் வந்தால் வெர்லினின் பெயர் போகும். வெர்லினின் பெயர் போனால் வட்டமேஜையில் அவனுடைய நாற்காலி எப்படி நிற்கும்? அதில் உட்கார அவளுக்கு வேறு உரிமை இல்லை.

தனக்கு ஒரு துணை கிடைக்குமா என்று பார்த்தாள். தன்னோடு வாசித்த மற்ற பத்துப் பெண்களில் எட்டுப் பேர் பெயர் நினைவிருந்தது. விசாரித்ததில் ஆறு பேர் இறந்துபோயிருந்தார்கள். ஒருத்திக்குப் போட்ட கடிதம் திரும்பி வந்தது. மிஞ்சிய ஒருத்தி, கிளாரினெட் வாசித்த மெர்ல் ஆன், நெப்ராஸ்காவில் ஒரு முதியோர் இல்லத்திலிருந்து நடுங்கும் எழுத்தில் பதில் போட்டிருந்தாள். குளிர் நன்றாக ஞாபகம் இருக்கிறது என்றும், லிண்ட்வாலின் மீசை ஞாபகம் இருக்கிறது என்றும் எழுதிவிட்டு, கடைசியில்: தாளம் அடித்தது பெர்னிஸ் இல்லையா? நீ என்ன வாசித்தாய்?

ஆர்டிஸ் அதைப் படித்துச் சிரித்தாள். அடுப்படியில் தனியாக நின்று சத்தமாகச் சிரித்தது அவளுக்கே ஒரு மாதிரி இருந்தது. பெர்னிஸ் வாசித்தது முக்கோண மணி. எழுதிவைக்காவிட்டால் எல்லாமே இப்படித்தான் மாறிப்போகும். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, போனை எடுத்து, பெயர்களைப் போடு என்று பிரெண்டிடம் சொன்னாள். எனக்கு ஞாபகம் உள்ளவரைக்கும் இருக்கிற எல்லாப் பெயரையும், ஞாபகம் இல்லாதவர்களுக்கு 'பெயர் தெரியவில்லை' என்றும் போடு. பெர்னிஸுக்கு முக்கோண மணி என்று போட மறந்துவிடாதே.

*

புத்தகம் வந்து அவர்கள் படிக்கிற வரை சும்மா இருப்பது சரியில்லை என்று பட்டது. அந்தச் சனிக்கிழமையே சொன்னாள். அன்று வெளியூர் ஆட்டம், கோபுரத்தில் பாட்டு கிடையாது. டெல்பர்ட் தன் முழங்கால் ஆபரேஷனைப் பற்றி மூன்றாவது வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு டிராக்டரை இவ்வளவு நாள் கழற்றிப் போட்டிருந்தா நீ சும்மா இருப்பியா என்று ஓரின் அவனைச் சீண்டினான். சிரிப்பு அடங்கியதும் ஆர்டிஸ் பேசினாள். லாயல் வழக்கம்போல எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

ஓரின் தன் கோப்பையை மெல்லத் தள்ளிவைத்தான்.

"அப்ப வெர்லின் பொய் சொன்னான்ங்கற" என்றான் ஓரின்.

"நான் அப்படிச் சொல்லல. நான் வாசிச்சேன்னு சொல்றேன்."

"ரெண்டும் ஒண்ணுதான, ஆர்டிஸ்?"

டெல்பர்ட் சர்க்கரை டப்பாவை இழுத்து, காபியில் ஏற்கெனவே போட்டதை மறந்து இன்னொரு கரண்டி போட்டான். "செத்தவன்கிட்டேர்ந்து போய்ப் பிடுங்கறியே. அவன் இருந்தப்ப கேட்டிருந்தா குடுத்திருப்பான். அவன் அந்த மாதிரி ஆளுதான்."

"கேட்டேன்" என்றாள் ஆர்டிஸ்.

டெல்பர்ட் கரண்டியைச் சுற்றிக்கொண்டே இருந்தான். ஓரின் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தான். லாயல் குனிந்து, "என்ன சொல்றா?" என்று கேட்டான். "ஒண்ணுமில்ல" என்று அவன் காதருகே ஓரின் சத்தமாகச் சொன்னான். பேக்கரி முழுக்கக் கேட்டது.

ஓரின் அன்றைக்கும் அவளைக் காரில் வீட்டில் கொண்டுவிட்டான். கதவைத் திறந்துவிடக்கூட இறங்கினான். அடுத்த சனிக்கிழமை எட்டு மணிக்கு ஹாரன் கேட்கவில்லை. கோட்டைப் போட்டுக்கொண்டு எட்டரை வரை ஹாலில் உட்கார்ந்திருந்தாள். பிறகு கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு முட்டையை வேகவைத்தாள்.

*

விழாவுக்கு முந்திய நாள் தபாலில் சிடி வந்தது. புத்தகத்தின் நாலாவது பக்கத்தில் கடைசி வரியில், கல்யாணத்துக்கு முந்திய குடும்பப் பெயரையும் சேர்த்து, இருந்தது: ஆர்டிஸ் பிலேகன் நூட்சன், தாளம். உறைப்படம் பின்னட்டைக்குப் போயிருந்தது. கீழே '1948 பேண்டு' என்று மட்டும் எழுதியிருந்தது. வெர்லின் காது சிவக்க அங்கே நின்றுகொண்டிருந்தான். சிடி போடுகிற இயந்திரம் அவளிடம் இல்லை. பக்கத்தைத் திறந்தபடி மேஜைமேல் வைத்தாள். அதை வைப்பதற்காக மேஜையில் கிடந்த பழைய பேப்பர்களை எடுக்க வேண்டியிருந்தது. எடுத்தபின், அன்றைக்கு உட்கார்ந்தே சாப்பிட்டாள்.

சனிக்கிழமை காலை நடந்தே பேக்கரிக்குப் போனாள். ஒன்பது தெரு. ஊர் நிறைய வெளியூர்க் கார்கள், கல்லூரியின் பச்சைத் துண்டு கட்டிய ஆட்கள். உள்ளே கூட்டம். வட்டமேஜையில் மூன்று பேரும் இருந்தார்கள். வெர்லினின் நாற்காலியை அவர்கள் வேறு யாருக்கும் கொடுத்துவிடவில்லை. அதன்மேல் மூன்று பேருடைய கோட்டுகளையும் போட்டுவைத்திருந்தார்கள். லாயல் அவளைப் பார்த்துக் கையை ஆட்டினான். அவனுக்கு இன்னும் யாரும் சரியாகச் சொல்லவில்லை போலிருக்கிறது. ஓரின் தலையை அசைத்தான், அசைத்துவிட்டு கோட்டுகளைப் பார்த்தான். எழுந்து அவற்றை எடுப்பான் என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. அவன் எழவில்லை.

அவள் கல்லாப் பக்கம் உயரமான முக்காலி ஒன்றில் ஏறி உட்கார்ந்து காபி கேட்டாள்.

பத்து மணிக்குக் கோபுரத்திலிருந்து பாட்டு ஆரம்பித்தது. சுத்தம் செய்த பதிவு. ஐம்பது வருடக் கரகரப்புப் போய், கூடத்தின் குளிர்ந்த எதிரொலிகூடக் கேட்டது. டிராம்போன்கள், கிளாரினெட்டுகள், எங்கோ ஓரத்தில் பெர்னிஸின் முக்கோண மணி. பேக்கரியில் எல்லோரும் கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். பேண்டு நின்றது. எல்லோரும் வழக்கமான இடத்தில் ஒரே நேரத்தில் தட்டினார்கள். அவர்களுக்குப் பின்னால், ஒரு கணம் பிந்தி, அந்த அடி விழுந்தது. இவ்வளவு நாள் கரகரப்பில் தெரியாமல் இருந்த தாமதம் அன்றைக்குப் பளிச்சென்று கேட்டது. பிறகு, கேட்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும், டிக். சிலர் கரண்டியைப் பிடித்தபடி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டெல்பர்ட்டின் கரண்டி கோப்பைமேல் எழும்பாமலே நின்றிருந்தது. பேண்டு மறுபடி பிடித்துக்கொண்டது.

பரிமாறுகிற பெண் காபிக் குடுவையோடு வந்து அவள் கோப்பையை நிரப்பினாள். ஊருக்குப் புதிது, நல்ல பெண்.

"நீங்க தட்டலையாம்மா? எல்லாரும் தட்டினாங்களே."

"நான் முன்னாடியே தட்டிட்டேன்" என்றாள் ஆர்டிஸ்.

அந்தப் பெண் புரியாமல் சிரித்துவிட்டு அடுத்த கோப்பைக்குப் போனாள். ஆர்டிஸ் பாட்டு முடிகிறவரை இருந்து, காபியைக் குடித்துவிட்டு, கோட்டுப் பொத்தான்களைக் கீழிருந்து மேலாகப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். ஊரில் அடுத்த ஆட்டம் நவம்பர் ஒன்பதாம் தேதி. அன்றைக்கும் நடந்தே வரலாம், பனி விழாமல் இருந்தால்.